இங்கிலாந்தில் ஜிபி பதிவும் மருந்துச் சீட்டும்

இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ்ஸில் முதல் வாசல் ஜிபி, அதாவது குடும்ப மருத்துவர். உயிருக்கு ஆபத்தென்றால் 999 என்ற எண்ணை அழையுங்கள். ஜிபி மூடியிருக்கும் நேரத்தில் அவசர ஆலோசனைக்கு 111.

உடம்பு நன்றாக இருக்கும்போதே வீட்டுக்குப் பக்கத்துச் சர்ஜரியில், அதாவது ஜிபியின் கிளினிக்கில், பதிந்துவிடுங்கள். இணையத்திலோ காகிதப் படிவத்திலோ பதியலாம். பாஸ்போர்ட்டும் முகவரிச் சான்றும் கட்டாயம் என்று வரவேற்பு மேசையில் சொன்னால், அப்படி விதி கிடையாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். விசிட் விசாவில் வந்திருக்கும் பெற்றோரும் ஜிபியை இலவசமாகப் பார்க்கலாம். ஆஸ்பத்திரி சிகிச்சைக்குத்தான் பெரிய பில் வரும், பயணக் காப்பீடு எடுத்தே அழைத்து வாருங்கள்.

அம்மாவுக்கு ஆங்கிலம் வராதா? நேரம் வாங்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று சொல்லிவிடுங்கள், அதற்குக் காசில்லை. தயவுசெய்து பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். மார்பில் கட்டி இருப்பதை மகன் முன்னால் எந்தத் தாய் வாய்விட்டுச் சொல்வார்?

சீட்டில் உள்ள ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண்ட் (2025 கட்டணம்). 60 வயது ஆனவர்களுக்கு இலவசம். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கும் எல்லா மருந்தும் இலவசம். ஆனால் சர்ஜரியில் எஃப்பி92ஏ படிவம் கேட்டு வாங்கி நிரப்பிக் கொடுத்து, விலக்குச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். சான்றிதழ் 5 ஆண்டுக்குத்தான் செல்லும். காலாவதியானதைக் கவனிக்காமல் சீட்டின் பின்புறம் இலவசக் கட்டத்தில் டிக் போட்டால், மருந்துக் கட்டணத்தோடு 100 பவுண்ட் வரை அபராதக் கடிதம் வரும்.