பியர்ஸ்டாட்டின் மலை ஏரி: பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்க ஓவியர் ஆல்பர்ட் பியர்ஸ்டாட் 1868இல் தீட்டிய ‘சியரா நெவாடாவின் நடுவே, கலிபோர்னியா’ ஓவியத்தைப் பார்த்ததும் பலர் முதலில் கேட்பது, “இந்த ஏரி எங்கே இருக்கு?” என்பதுதான். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. அப்படி ஓர் ஏரி எந்த வரைபடத்திலும் இல்லை. 1863இல் கலிபோர்னியா மலைகளில் சுற்றியவர், ஆண்டுகள் கழித்து ரோம் நகரத்து ஓவியக்கூடத்தில் பல இடங்களைக் கலந்து இதை உருவாக்கினார். ஏரிக்கரையில் நின்றபடியே தீட்டினார் என்று எழுதிவிடாதீர்கள்.

“அப்படியானால் இது பொய்தானே” என்று ஒதுக்குவது அதைவிடப் பெரிய தவறு. கரையோரத் தண்ணீரைப் பாருங்கள். அடியில் கிடக்கும் கற்கள் தெரிகின்றன. பார்வை சற்றுத் தள்ளிப் போனால் கற்கள் மறைந்து, மலையின் பிம்பம் தண்ணீரில் விழுகிறது. காலடியில் தண்ணீருக்குள் இறங்கும் கண், தூரத்தில் மேற்பரப்போடு நின்றுவிடும். நம்மூர்க் குளத்துப் படியில் நின்றாலும் இதே கதைதான். இடம் கற்பனை, தண்ணீர் கற்பனை இல்லை. இத்தனை நுணுக்கமாகத் தண்ணீரைக் கவனித்தவரைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

கைபேசியில் பார்த்துவிட்டு முடிவுக்கு வருவதும் வேண்டாம். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் இதன் உயரம் ஏறக்குறைய 6 அடி, அகலம் 10 அடி. அமெரிக்காவுக்கு வருமுன் பெர்லினிலும் லண்டனிலும் மக்கள் முன்னால் வைக்கப்பட்ட படம். கைபேசியில் கரையோர மான்கள் வெறும் புள்ளிகள். அவற்றைக் கண் பிடித்த பிறகுதான் பின்னால் எழும் பாறைகளின் உயரம் உறைக்கும்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது இன்னொன்று. படத்தில் மனிதர் இல்லை என்பதால், அது ஆளில்லாத நிலம் என்றே நம்பிவிடுகிறோம். மிவோக், பையூட், வாஷோ என்ற பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மலைகள் அவை. 1848இல் தங்கம் கிடைத்த பின் வந்து குவிந்த கூட்டம் அவர்களை நிலத்தைவிட்டு விரட்டியது, ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். ஓவியம் முடிந்த 1868இல் அதே மலைத்தொடரின் கருங்கல்லை வெடிவைத்துக் குடைந்து ரயில் பாதை போட்டிருந்தார்கள். அந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். 1869 மே மாதம் அந்தப் பாதை, கிழக்கிலிருந்து வந்த பாதையோடு இணைந்தது.