பாசிவ் வாய்ஸ்: எல்லா இடத்திலும் 'பை' தேவையில்லை

பள்ளியில் ஆங்கிலப் பாசிவ் வாய்ஸ், அதாவது செயப்பாட்டு வினை, கிட்டத்தட்ட ஒரு கணக்கு மாதிரிதான் சொல்லித்தரப்படுகிறது. பின்னால் இருப்பதை முன்னால் கொண்டுவா, முன்னால் இருப்பதைப் பின்னால் தள்ளு, நடுவில் 'இஸ்' அல்லது 'வாஸ்' போடு, வினையை மூன்றாம் வடிவத்துக்கு மாற்று, கடைசியில் 'பை' சேர். "ஐ ரோட் எ லெட்டர்" என்பது "எ லெட்டர் வாஸ் ரிட்டன் பை மீ" ஆகிவிடும். முழு மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் பேச்சில் அப்படி யாரும் சொல்வதில்லை. இலக்கணத்தில் பிழை ஒன்றும் இல்லை. அப்படிச் சொல்வதற்கு ஒரு காரணம்தான் இல்லை.

இந்தப் பயிற்சியால் வரும் முதல் தவறு, 'பை' இல்லாவிட்டால் வாக்கியம் முடியவில்லை என்று நினைப்பது. நிலைமை நேர்மாறானது. ஆங்கிலத்தில் பெரும்பாலான பாசிவ் வாக்கியங்களில் செய்தவர் யார் என்பதே இருக்காது. செய்தவர் யாரென்று தெரியாது, அல்லது சொல்லாமலே தெரியும், அல்லது அவர் யாராக இருந்தாலும் ஒன்றுதான். அதனால்தானே பாசிவுக்கே போகிறோம். "மை பைக் வாஸ் ஸ்டோலன்" போதும். அதோடு "பை சம்ஒன்" சேர்ப்பதில் என்ன லாபம்? திருட்டு என்றால் யாரோ ஒருவர் திருடியதுதானே. "ஹி வாஸ் அரெஸ்டட்" என்றாலே போலீஸ் பிடித்தது என்று புரிந்துவிடும். பிடித்தது ராணுவம் என்றால் கதையே வேறு. அங்கே "பை தி ஆர்மி" கட்டாயம் வேண்டும்.

'பை' போடலாமா வேண்டாமா என்பதற்கு இதுதான் அளவுகோல்: அது வாசகருக்குப் புதிதாக ஏதாவது சொல்கிறதா? பெனிசிலின் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பேச்சு பெனிசிலின் பற்றி என்பதால் அதுதான் முன்னால் நிற்க வேண்டும்: "பெனிசிலின் வாஸ் டிஸ்கவர்ட் பை அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் இன் 1928." புதுச் செய்தியான ஃபிளெமிங் பின்னால் வருகிறார். ஆங்கில வாக்கியத்தில் அழுத்தம் பொதுவாகக் கடைசிப் பகுதியில்தான் விழும் என்பதால் அந்த இடம் அவருக்குப் பொருத்தம். அதே விஷயத்தை ஃபிளெமிங்கின் வாழ்க்கை வரலாற்றில் எழுதினால் அவர்தான் முன்னால் வர வேண்டும்: "ஹி டிஸ்கவர்ட் பெனிசிலின் இன் 1928." அங்கே போய்ப் பாசிவ் எழுதி "பை ஹிம்" என்று முடித்தால், ஏற்கெனவே தெரிந்த ஆளை அழுத்தமான இடத்தில் உட்கார வைத்தது போல ஆகிவிடும். 'பை மீ', 'பை ஹிம்', 'பை தெம்' என்று முடியும் பாசிவ் வாக்கியங்கள் காதில் உறுத்துவது இதனால்தான். அப்படி ஒன்று எழுதிவிட்டால், அநேகமாக அதை ஆக்டிவாக, அதாவது செய்வினையாக, மாற்றுவதே சரி.

அடுத்தது 'பை'யா 'வித்'தா என்ற குழப்பம். தமிழில் 'ஆல்' ஒன்றே இரண்டு வேலையும் பார்த்துவிடுகிறது: காவலரால் பிடிக்கப்பட்டான், கயிற்றால் கட்டப்பட்டான். ஆங்கிலத்தில் செய்தவருக்கு 'பை', கருவிக்கு 'வித்'. "ஹி வாஸ் டைட் பை எ ரோப்" என்று எழுதினால் கயிறே எழுந்து வந்து கட்டியது போல இருக்கும். ஆனால் உயிருள்ளதற்கு 'பை', உயிரற்றதற்கு 'வித்' என்று மனப்பாடம் செய்துவிடாதீர்கள், அதுவும் தப்பு. "தி விண்டோ வாஸ் புரோக்கன் பை எ ஸ்டோன்" என்றால் கல் தானாக உருண்டோ விழுந்தோ ஜன்னலை உடைத்தது என்று கொள்ளலாம். "வித் எ ஸ்டோன்" என்றால் கல்லை எடுத்த ஒரு கை பின்னால் இருக்கிறது. யாருடைய கை என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். வெள்ளம், புயல், நெருப்பு எல்லாம் உயிரற்றவைதான், ஆனாலும் அவற்றுக்கு 'பை'தான்.

எல்லா 'பை'யும் செய்தவரைக் குறிக்காது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். "தி ரிப்போர்ட் வில் பி ஃபினிஷ்ட் பை ஃபிரைடே" என்பதில் வெள்ளிக்கிழமை எதையும் முடிக்கப் போவதில்லை, அது கெடு. 'பை ஹேண்ட்', 'பை மிஸ்டேக்' என்பவை எப்படி நடந்தது என்பதைச் சொல்கின்றன. இன்னொரு பக்கம், சில சொற்கள் வேறு முன்னிடைச் சொற்களோடு ஒட்டிக்கொண்டுவிட்டன: 'இன்ட்ரஸ்டட் இன்', 'மேரீட் டு', 'ஃபில்ட் வித்'. இவற்றுக்கு விதி தேடுவதைவிட அப்படியே பழகிக்கொள்வது சுலபம்.

நம்மவர்கள் எழுதும் மின்னஞ்சல்களில் அதிகம் கண்ணில் படுவது "தி ஆக்சிடென்ட் வாஸ் ஹாப்பன்ட்" வகை. 'ஹாப்பன்', 'அக்கர்', 'அரைவ்', 'டிஸப்பியர்' போன்றவை செயப்படுபொருள் ஏற்காத வினைகள். முன்னால் கொண்டுவர ஒரு பொருளே இல்லாதபோது பாசிவ் எங்கிருந்து வரும்? "தி ஆக்சிடென்ட் ஹாப்பன்ட்", முடிந்தது. செயப்படுபொருள் இருந்தும் பாசிவுக்கு ஒத்துவராத சில வினைகளும் உண்டு: 'ஹாவ்', 'லாக்' (இல்லாமல் இருப்பது), 'ரிசெம்பிள்' மாதிரி. "ஷி ரிசெம்பிள்ஸ் ஹெர் மதர்" என்பதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், நிற்காது. அங்கே செயல் எதுவும் நடக்கவில்லை, இருப்பதைச் சொல்கிறது, அவ்வளவே.

"தி ஹவுஸ் இஸ் பில்டிங்" என்று எழுதிவிட்டுத் திட்டு வாங்கியவர்களுக்கு ஓர் ஆறுதல். வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது என்பதைச் சில நூற்றாண்டுகளுக்கு முன் ஆங்கிலேயர்களே அப்படித்தான் சொன்னார்கள். 'இஸ் பீயிங்' என்ற வடிவம் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தலைகாட்டத் தொடங்கியது. ராபர்ட் சௌதி என்ற கவிஞர் 1795-ல் எழுதிய கடிதம் ஒன்றில், கடைவாய்ப்பல் பிடுங்கப்படும் ஆளின் நிலையைச் சொல்ல "இஸ் பீயிங் டோர்ன் அவுட்" என்று எழுதியிருக்கிறார். அடுத்த நூற்றாண்டின் இலக்கணக்காரர்கள் பலர் இந்த வடிவத்தை அசிங்கம் என்று திட்டித் தீர்த்தார்கள். இன்றோ அதுதான் விதி: "தி ரோட் இஸ் பீயிங் ரிப்பேர்ட்." 'பீயிங்'கை விட்டுவிட்டு "தி ரோட் இஸ் ரிப்பேரிங்" என்றால், சாலை எதையோ பழுதுபார்ப்பதாக ஆகிவிடும். "தி புக் இஸ் செல்லிங் வெல்" மட்டும் எப்படிச் சரி என்று கேட்கலாம். 'செல்' போன்ற சில வினைகளுக்கு மட்டும் அந்தச் சலுகை உண்டு, எல்லாவற்றுக்கும் இல்லை.

இரண்டு செயப்படுபொருள் உள்ள வினைகளிலும் ஒரு பொறி இருக்கிறது. "ஐ வாஸ் கிவன் எ புக்" என்பது தமிழ்க் காதுக்கு நான் யாருக்கோ கொடுக்கப்பட்டது போலக் கேட்கும். ஆனால் அதுதான் இயல்பான ஆங்கிலம். 'டோல்ட்', 'ஆஃபர்ட்', 'டாட்' எல்லாம் இப்படியே வரும். சரி, அதே பாணியில் "ஐ வாஸ் எக்ஸ்பிளைன்ட் தி ரூல்ஸ்" என்று எழுதலாமா? கூடாது. 'எக்ஸ்பிளைன்' வினைக்கு ஆளுக்கு முன்னால் 'டு' வேண்டும், அதனால் "தி ரூல்ஸ் வேர் எக்ஸ்பிளைன்ட் டு மீ" என்பதே சரி. 'சஜஸ்ட்'டும் அதே கதை. அப்புறம், 'லாஃப் அட்', 'லுக் ஆஃப்டர்' போன்றவற்றின் வால் பாசிவிலும் கூடவே வர வேண்டும். "ஹி வாஸ் லாஃப்ட்" என்று நிறுத்த முடியாது; "லாஃப்ட் அட்" வரை போக வேண்டும்.

பாசிவே கூடாது என்று சிலர் அறிவுரை சொல்வார்கள், கணினியின் இலக்கணத் திருத்தியும் சில சமயம் கோடு போட்டுக் காட்டும். அப்படியே பின்பற்றுவதும் தவறுதான். ஆய்வகக் குறிப்பில் "தி சொல்யூஷன் வாஸ் ஹீட்டட்" என்பதில் எந்தக் குறையும் இல்லை. சூடாக்கிய ஆளைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை. அக்கறை இருக்கும் இடத்தில் ஆளை மறைக்கும்போதுதான் சிக்கல். 1987 ஜனவரியில், ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரம் பெரிதாகியிருந்த சமயத்தில், அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன் நாடாளுமன்ற உரையில் சொன்ன வாக்கியத்தைக் கவனியுங்கள்: "வி டிட் நாட் அச்சீவ் வாட் வி விஷ்ட், அண்ட் சீரியஸ் மிஸ்டேக்ஸ் வேர் மேட்." விரும்பியதைப் பற்றிப் பேசும்வரை 'வி' இருக்கிறது. தவறுகள் வந்ததும் ஆக்டிவ் பாசிவாகி, 'வி' காணாமல் போய்விடுகிறது. 'பை' இல்லாததால் அந்தத் தவறுகளைச் செய்தது யார் என்பது அந்த வாக்கியத்தில் வரவில்லை.

நாம் எழுதும் சாதாரணக் குறிப்பில்கூட, செய்தவரை நீக்கினால் அவரைச் சார்ந்து நின்ற சொற்கள் அந்தரத்தில் தொங்கும். "ஆஃப்டர் ரீடிங் தி லெட்டர், தி என்வலப் வாஸ் பர்ன்ட்" என்பதில் கடிதத்தைப் படித்தது உறை என்றாகிறது. இதற்கு "பை ஹெர்" சேர்த்தாலும் குணமாகாது, ஏனென்றால் வாக்கியத்தின் முன்பகுதி எழுவாயைத்தான் தேடுகிறது, எழுவாய் இடத்தில் இன்னும் உறைதான் இருக்கிறது. "ஆஃப்டர் ரீடிங் தி லெட்டர், ஷி பர்ன்ட் தி என்வலப்" என்று ஆக்டிவுக்குத் திரும்பிவிடுங்கள்.