முந்திரி ஒட்டுக்கட்டப் பழகுவது: எங்கே போவது, என்ன கேட்பது

2011 டிசம்பர் கடைசியில் அடித்த தானே புயலில், பண்ருட்டிப் பக்கம் எங்கள் கொல்லையில் இருந்த முந்திரி மரங்கள் பெரும்பாலும் சாய்ந்துவிட்டன. அதுவரை கொட்டை ஊன்றி வளர்த்தே பழக்கம். ஒட்டுக்கன்று, அதாவது நல்ல தாய்மரத்தின் குச்சியைக் கொட்டையில் முளைத்த வேர்ச்செடியின் மேல் பொருத்திக் கட்டி எடுக்கும் கன்று, அதைப் பற்றிச் சொல்லித்தர வீட்டில் யாரும் இல்லை. அப்போது அலைந்து கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். உழவு, குழி எடுப்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

1. முதலில் விருத்தாசலம் போங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கிறது. வி.ஆர்.ஐ. 3 முந்திரி ரகம் வந்தது அங்கிருந்துதான். வேளாண் அறிவியல் நிலையமும் அதே ஊரில் உண்டு. "முந்திரிப் பயிற்சி இருக்கா" என்று மட்டும் கேட்காதீர்கள். "ஒட்டுக்கட்டும் செய்முறை எப்போது, கையில் கத்தி கொடுப்பீர்களா" என்று கேளுங்கள். நான் முதலில் போனது உட்கார்ந்து கேட்கும் வகுப்பு. குறிப்பேடு நிறைந்தது, கை பழகவில்லை. வெளி மாவட்டத்துக்காரர்கள் தங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம். கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551, கட்டணம் இல்லை.

2. சொந்தமாக ஒட்டுக்கத்தி வாங்கிக்கொண்டு போங்கள். சவர பிளேடு போதும் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வளைந்து கொடுக்கும், குச்சியின் அடியை ஆப்பு போலச் சீவும்போது முகம் சமமாக வராது.

3. நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். வீட்டுக்கு வந்ததும் தாய்மரத்தில் நல்ல குச்சியாகப் பார்த்து வெட்டி, அன்றே கட்டினேன். எல்லாம் கருகிப்போயிற்று. கத்தியும் கட்டும் சரியாகத்தான் இருந்தன, குச்சிதான் தயாராக இல்லை. பூக்காத பக்கக் கிளையைத் தேர்ந்தெடுத்து, அது மரத்தில் இருக்கும்போதே இலைப்பரப்பில் முக்கால் பங்கை நறுக்கிவிட வேண்டும். 7 முதல் 10 நாள் பொறுங்கள். மிச்சமிருக்கும் காம்புகள் தொட்டாலே உதிரும், நுனி மொட்டு புடைத்து நிற்கும். அப்போது வெட்டி, அதே கனமுள்ள இளம் வேர்ச்செடியில் ஆப்பு வைத்துக் கட்டினால் பிடிக்கும். ஒரு நாள் பயிற்சியில் இந்தக் காத்திருப்பைக் காட்ட முடியாது, நறுக்கி வைத்த குச்சியைத்தான் கையில் கொடுப்பார்கள். அதனால் தாய்மரத்தைக் காட்டச் சொல்லி, எந்தக் கிளை, எவ்வளவு இலை என்று நீங்களே கேட்டு நறுக்கிப் பாருங்கள்.

4. கட்டப் பொறுமை இல்லையா? சரி, கன்றாகவே வாங்குங்கள். ஆனால் சந்தையில் வேண்டாம். கொச்சியில் இருக்கும் முந்திரி, கோகோ வளர்ச்சி இயக்குநரகம் நாற்றங்கால்களுக்கு அங்கீகாரம் தருகிறது. அந்தச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். இன்னும் ஆழமாகக் கற்க நினைத்தால் கர்நாடகத்தில் புத்தூரில் முந்திரிக்கென்றே ஒரு ஆராய்ச்சி இயக்குநரகம் இருக்கிறது.

மானியம் வேண்டுமானால் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகம். சிட்டா, அடங்கல், ஆதார் நகல்களோடு போங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு இரண்டு பேர், "கன்று செழிப்பாக வளருது, ஆனா இலை வேற மாதிரி இருக்கு" என்று எழுதியிருந்தார்கள். ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து வந்த துளிர் அது. விட்டால் மேல் குச்சியை அமுக்கிவிடும். முதல் வருடம் முழுக்க அடிக்கடி பார்த்துக் கிள்ளி எறியுங்கள். ஒட்டில் சுற்றிய பிளாஸ்டிக் நாடாவையும் நடும்போதே அவிழ்த்துவிடுங்கள், இல்லையென்றால் தண்டு பருக்கும்போது இறுக்கிவிடும்.