அமெரிக்காவில் உங்கள் வீட்டுக்கு எந்த வயரிங் விதி பொருந்தும்?

அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கமான என்எஃப்பிஏ 3 ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடும் தேசிய மின்விதி (என்இசி) தானாகச் சட்டமாகாது. மாநிலமோ நகராட்சியோ ஒரு பதிப்பை ஏற்று, தேவையானால் தன் திருத்தங்களைச் சேர்த்த பிறகே அது செல்லும். கலிஃபோர்னியாவின் 2022 விதிக்கு அடிப்படை 2020 என்இசி. ஆண்டை மட்டும் பார்த்துப் புத்தகம் வாங்காதீர்கள்.

பெர்மிட் அலுவலகத்தில் நடப்புப் பதிப்பைக் கேளுங்கள். பெரும்பாலும் பெர்மிட்டுக்கு விண்ணப்பித்த தேதியில் நடப்பில் உள்ள பதிப்புதான் கணக்கு. அடுத்து, திருத்தங்களை வரிவரியாகப் படியுங்கள்; வேலை கெடுவது இங்கேதான். 2020 பதிப்பின் 210.8(எஃப்) பிரிவு, வீட்டுக்கு வெளியே உள்ள ஏசி யூனிட்டுக்கும் ஜிஎஃப்சிஐ (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு) கேட்டது. இன்வெர்ட்டர் ஏசிகளின் கசிவு மின்னோட்டத்தால் பழுதில்லாமலே பிரேக்கர் ட்ரிப் ஆனது. அதனால் சில மாநிலங்கள் அந்தப் பிரிவைத் தள்ளிவைத்தன. உங்கள் ஊரில் தள்ளிவைக்காதபோது சாதாரண பிரேக்கர் போட்டால் இன்ஸ்பெக்‌ஷனில் தேறாது. உயிர்காக்கும் பாதுகாப்பும் போய்விடும்.