நம்ம 641-ஐ வைத்து ஒரு பத்து இலக்க எண்ணை உடைப்பது எப்படி

கோவை ஆர்.எம்.எஸ்.ஸில் (ரயில்வே தபால் பிரிப்பு நிலையம்) வருடக்கணக்காகத் தபால் பிரித்தவன் நான். பின்கோடின் முதல் மூன்று இலக்கம் கோயமுத்தூர், திருப்பூர், எங்கள் அவிநாசி எல்லாவற்றுக்கும் 641. பொள்ளாச்சி 642, ஈரோடு 638. கடிதத்தை எடுத்தால் கண் முதலில் அந்த மூன்று இலக்கத்துக்குத்தான் போகும். அந்த 641-க்குக் கணக்கில் இவ்வளவு பெரிய இடம் உண்டு என்று ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது. பேத்திக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரியே எழுதுகிறேன். பென்சிலும் ஒரு தாளும் போதும்.

முதலில் 641 பகா எண்தானா என்று பாருங்கள். 25-ன் வர்க்கம் 625, 26-ன் வர்க்கம் 676. அதனால் 23 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். எதிலும் மீதியில்லாமல் போகாது.

சரி, உடைக்க வேண்டிய எண் எது? 2-ஐ 32 முறை பெருக்கி ஒன்று கூட்டினால் வருவது: 4294967297. 3, 5, 17, 257, 65537 என்று போகும் வரிசையில் அடுத்தது (ஒரு எண்ணில் ஒன்றைக் கழித்து, வர்க்கப்படுத்தி, ஒன்று கூட்டினால் அடுத்த எண்). 1640 வாக்கில் ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணித மேதை இந்த வரிசையில் வருவதெல்லாம் பகா எண்களே என்று நம்பினார். 1732-இல் ஆய்லர் என்ற கணித மேதை 4294967297-ஐ 641 வகுக்கும் என்று காட்டினார்.

அவ்வளவு பெரிய எண்ணைத் தொடாமலே நாமும் காட்டலாம். கடிதங்களைக் கட்டுக்கட்டாகக் கட்டி ஒதுக்கிவிட்டு, உதிரியை மட்டும் எண்ணுவோமே, அதே வேலைதான். முழுக் கட்டு எத்தனை என்பது நமக்கு வேண்டாம், மீதி மட்டும் வேண்டும்.

2-ன் எட்டாம் அடுக்கு 256. அதன் வர்க்கம் 65536, அதாவது 2-ன் பதினாறாம் அடுக்கு. 641-ஐ 102 முறை எடுத்தால் 65382. உதிரி 154. இப்போது 65536-ஐ வர்க்கப்படுத்தினால் 32-ஆம் அடுக்கு வரும். ஆனால் 154-ஐ மட்டும் வர்க்கப்படுத்தினால் போதும், மற்ற பகுதியெல்லாம் 641-ன் மடங்காகவே போய்விடும். 154 × 154 = 23716. பக்கத்தில் 641 × 37 எழுதுங்கள்: 23717.

ஒன்றே ஒன்று குறைகிறது! அந்த ஒன்றைத்தான் கடைசியில் கூட்டப் போகிறோம். பேத்தி இந்த இடத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "முட்டிக்கிச்சுங்க அப்பாரு" என்றாள். எனக்கும் முதல் தடவை உடம்பெல்லாம் சிலிர்த்தது.

ஆய்லர் 641-ஐ எப்படிப் பிடித்தார் என்று அவள் கேட்டாள், நல்ல கேள்வி. இந்த எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 64-ஆல் வகுத்தால் 1 மீதி தரவேண்டும் என்று ஆய்லர் பின்னால் நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, அடுத்தது 641. ஐந்தாவதிலேயே கிடைத்துவிடுகிறது.

193-ஐ வைத்தும் செய்து பாருங்கள். 65536-க்கு மீதி 109, அதன் வர்க்கம் 11881-க்கு மீதி 108. 192 வந்திருந்தால்தான், ஒன்று கூட்டி 193 ஆகி, வகுக்கும்.

அப்புறம், 641-ஐ எந்த எண்ணால் பெருக்கினால் அந்தப் பெரிய எண் வரும் என்று பார்க்க, 4294967297-ஐ 641-ஆல் நேராக வகுங்கள். 6700417 வரவேண்டும். சரிபார்க்க, அதை 600-ஆல் பெருக்கினால் 4020250200. 41-ஆல் பெருக்கினால் 274717097. இரண்டையும் கூட்டுங்கள்.