காலண்டர் பக்கத்தில் ஒரு கட்டம்

ஜெர்மனிக்கு வந்த முதல் மாதம் முகவரிப் பதிவு, வங்கிக் கணக்கு, காப்பீடு என்று அலைச்சலிலேயே போய்விடும். ஊருக்குப் படம் அனுப்புவதைப் பற்றித் தனியாக யோசிக்க நேரம் இருக்காது. எடுத்ததும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவோம். ஆறு மாதம் கழித்து, "பாப்பா முதல்முதலா பனியில நின்னாளே, அந்தப் படம் எங்கடா?" என்று அம்மா கேட்பார். காலை வணக்கங்களுக்கும் ராசிபலனுக்கும் அடியில் அது எங்கோ போயிருக்கும். போன் நிரம்பிவிட்டது என்று யாராவது மொத்தமாக அழித்தும் இருப்பார்கள்.

அதனால் வந்த சில நாட்களிலேயே இதைச் செய்துவிடுங்கள். ஒரே ஆல்பம், அதற்கு ஒரே க்யூஆர் கோடு, அது ஊர் வீட்டுச் சுவரில். நீங்கள் ஆல்பத்தில் எத்தனை படம் சேர்த்தாலும் கோடு மாறாது.

ஊரில் பெரும்பாலும் ஆண்ட்ராய்டு போன் என்பதால் கூகுள் போட்டோஸ்தான் வசதி. இணைப்பு இருந்தால் போதும், பார்ப்பவருக்குக் கணக்குகூட வேண்டாம். 2025 முதல் அந்தச் செயலியே ஆல்பத்துக்குக் கோடு போட்டுத் தருகிறது. இலவச இடம் 15 ஜிபிதான், மின்னஞ்சலும் அதில் பங்கு கேட்கும். ஆகவே நீள வீடியோக்களை அளவாகப் போடுங்கள்.

இலவசமாகக் கோடு செய்து தரும் தளங்களிடம் கவனம் வேண்டும். நான் முதலில் செய்த கோடு அப்படி ஒரு தளத்தில் செய்தது. ஸ்கேன் செய்தால் முதலில் அவர்கள் பக்கத்துக்குப் போய், பிறகுதான் ஆல்பத்துக்கு வரும். சோதனைக் காலம் முடிந்ததும் படங்களுக்குப் பதில் சந்தா கட்டச் சொல்லும் பக்கம் வந்தது. நான் படம் போடுவதையே நிறுத்திவிட்டேன் என்று அப்பா நினைத்துக்கொண்டார், கேட்கவும் இல்லை. இரண்டு வாரம் கழித்துத் தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரியும். கோட்டை அனுப்புமுன் வேறொரு போனில் ஸ்கேன் செய்யுங்கள். வேறு தளத்தின் பெயர் தெரிந்தால் அந்தக் கோடு வேண்டாம்.

அச்சுக்கு இங்கிருந்து தபால் அனுப்பிக் காத்திருக்க வேண்டாம். கோட்டுப் படத்தை ஊரில் யாருக்காவது அனுப்பினால் ஜெராக்ஸ் கடையில் எடுத்து லேமினேட் செய்துவிடுவார்கள். ஐந்து சென்டிமீட்டர் அகலம் போதும். சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தை மட்டும் வெட்டிவிடக் கூடாது என்று சொல்லுங்கள், அது இல்லாவிட்டால் போன் தடுமாறும். 1994-இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் க்யூஆர் கோட்டை வாகன உதிரிபாகங்களுக்காக உருவாக்கியது. தொழிற்சாலை அழுக்கையும் தாங்கும்படி செய்ததால், பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் திறனை உச்சத்தில் வைத்துக் கோட்டை உருவாக்கினால் சுமார் 30 சதவீதம் சேதமானாலும் படிக்கும். மஞ்சள் கறை ஒன்றும் செய்யாது.

எங்கள் கும்பகோணத்து வீட்டில் தினசரி காலண்டர் தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில் ஒட்டச் சொன்னேன். அம்மாவுக்கு ஸ்கேன் செய்யத் தெரியும், பூக்காரரிடமே அப்படித்தான் பணம் கொடுக்கிறார். ஆனால் பழக்கத்தில் ஜிபேயைத் திறந்துவிட்டார், படம் வரவில்லை. போனின் கேமராவைத்தான் திறக்க வேண்டும் என்று வீடியோ காலில் ஒருமுறை செய்து காட்டுங்கள். கோடைக்காலத்தில் ஊர் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கும். இரவு பத்து மணிக்கு நான் போடும் படத்தை, விடிந்து தேதித் தாளைக் கிழித்த கையோடு பாட்டி பார்த்துவிடுகிறார்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கோட்டை ஸ்கேன் செய்யும் எவருக்கும் ஆல்பம் திறக்கும். காலண்டர் முன்னால் நின்று எடுத்த படத்தை யாராவது ஸ்டேட்டஸ் வைத்தால், கோடும் அதோடு ஊரெல்லாம் போய்விடும். ஆல்ப அமைப்பில் இருப்பிடப் பகிர்வை நிறுத்திவையுங்கள். கோடு வெளியே போய்விட்டது என்று தெரிந்தால், இணைப்பை அணைத்துவிட்டுப் புதிதாக ஒன்று அச்சிடுங்கள்.

இங்கே பிறர் குழந்தைகள் விஷயத்திலும் கவனம் தேவை. ஒருவர் படத்தை அவர் சம்மதமின்றிப் பரப்பக் கூடாது என்ற சட்டம் ஜெர்மனியில் 1907 முதல் இருக்கிறது, குழந்தை என்றால் பெற்றோரைக் கேட்க வேண்டும். நவம்பரில் மார்ட்டின் திருநாள் விளக்கு ஊர்வலத்தில் பிள்ளைகள் வரிசையாகப் பாடிவரும்போது கை தானாகப் போனை எடுக்கும். உங்கள் பிள்ளையையும் அவள் கை விளக்கையும் மட்டும் பக்கத்தில் போய் எடுங்கள். பள்ளியின் முதல் நாளில் மிட்டாய் நிரப்பிய பெரிய கூம்பைப் பிள்ளை தூக்கிக்கொண்டு நிற்கும் படத்தையும், மற்ற பிள்ளைகள் விலகியபின் தனியாக எடுத்துக்கொள்ளலாம்.

கோடு சுவரில் ஏறுமுன் பத்துப் படமாவது ஆல்பத்தில் இருக்கட்டும். கோட்டைகளும் தேவாலயங்களும் பிறகு வரட்டும். ஜன்னலில் தெரியும் தெரு, படுக்கும் இடம், அரிசி வாங்கிய கடை, குளிர்கோட்டு, அடுப்பு ஆகியவற்றை முதலில் போடுங்கள். அம்மா விரலால் பெரிதாக்கிப் பார்த்த முதல் படம் எங்கள் அடுப்புதான். அதில் குக்கர் விசில் வருமா என்று அன்றைக்கே போன் செய்தார்.