செப்டம்பரில் டிரேக்கன்ஸ்பர்க் போகிறீர்களா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் செப்டம்பர் பிறந்ததும் வெயில் இதமாகிவிடும். அதை நம்பி டிரேக்கன்ஸ்பர்க் மலைத்தொடரின் உச்சிக்குக் கிளம்பிவிடாதீர்கள். 2024 செப்டம்பர் 20, 21 தேதிகளில் கொட்டிய பனியில் வான் ரீனன் கணவாய் அருகே என்-3 நெடுஞ்சாலையே அடைபட்டு, வண்டிகள் இரவு முழுக்க நின்றன. சாலைக்கே அந்தக் கதி என்றால், சென்டினல் சிகரத்துக்குப் பக்கத்தில் உச்சிக்கு ஏற வைத்திருக்கும் சங்கிலி ஏணிகளைக் கேட்கவே வேண்டாம். பனி உறைந்த இரும்புப் படியில் கால் நிற்காது.

முதல் தடவை என்றால் ராயல் நேட்டல் பூங்காவின் துகேலா பள்ளத்தாக்குப் பாதைதான் என் தேர்வு. போய்வர 14 கிலோமீட்டர் இருக்கும். தூரம் அதிகம்தான், ஆனால் பெரும்பகுதி சரிவை ஒட்டிய மிதமான ஏற்றம். கடைசியில் ஆற்றுப் பாறைகளில் தாவ வேண்டிய இடம் வரும். நிழல் பட்ட பாறைகளில் காலையில் ஈரம் இருந்தால் அங்கேயே உட்கார்ந்து எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்துவிட்டுத் திரும்புங்கள், தப்பே இல்லை. பாட்டி, தாத்தா கூட வந்தால் காஸ்கேட்ஸ் அருவி வரை போதும்.

அப்புறம், குளிர்காலத்தில் தீத்தடுப்புக்காகப் புல்லை எரித்திருப்பார்கள். கரி ஒட்டும், வெள்ளை பேன்ட் வேண்டாம். வெயிலுக்குப் பஃப் ஆடர் என்ற விஷப் பாம்பு பாதையிலேயே சுருண்டு கிடக்கும், ஆள் வந்தாலும் நகராது. கால் வைக்கும் இடத்தைப் பார்த்து நடங்கள். விடிகாலையில் கிளம்பி, இடி மழைக்கு முன் மதியமே இறங்கிவிடுங்கள். நுழைவில் உள்ள மலைப் பதிவேட்டில் பெயர் எழுத மறக்காதீர்கள். திரும்பி வந்ததும் அதையும் குறியுங்கள்.